எட்டு வேற்றுமையும் ஆறு வேற்றுமையும்: ராயபுரத்தில் ஒரு லத்தீன் பயிற்சி ஆசிரியர்

இந்தப் பயிற்சி ஆசிரியருக்கு (இனி பயிற்சியாளர்) வயது 29, சொந்த ஊர் ராயபுரம். குருமடத்தில் நான்கு ஆண்டு லத்தீன் படித்து, பாதியில் வெளியே வந்து, பிறகு பட்டம் முடித்தவர். இலக்கணத்தில் ஆழமானவர். இங்கிலாந்தில் மேல்நிலைப் பள்ளி லத்தீன் ஆசிரியராவது அவருடைய குறிக்கோள். அங்கே அதற்கு ஓராண்டு ஆசிரியப் பயிற்சியும் தகுதிநிலையும் வேண்டும். பயிற்சிக் காலத்தில் குறைந்தது இரண்டு பள்ளிகளில் வகுப்பெடுக்க வேண்டும். முடித்து வேலைக்குச் சேர்ந்ததும் இரண்டாண்டு தொடக்கநிலை ஆசிரியராகக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். சேர்க்கைக்கு அந்நாட்டு இளநிலைப் பட்டத்துக்கு இணையான பட்டமும், ஆங்கிலத்திலும் கணக்கிலும் பத்தாம் வகுப்பு அளவிலான தேர்ச்சிக்கு இணைச் சான்றும் கேட்பார்கள். காகித வேலை தனிக் கதை, அது இங்கே வேண்டாம். இந்த ஆய்வு ஒரு கேள்வியோடு நிற்கிறது: லத்தீன் நன்றாகத் தெரிந்த, ஆனால் வகுப்பே எடுத்திராத ஒரு தமிழர் முதல் எட்டு வாரத்தில் எங்கே சறுக்கினார், ஏன் சறுக்கினார்?

விண்ணப்பத்துக்கு முன் கைப்பழக்கம் வேண்டும் என்பதற்காக, பங்குக் கூடம் ஒன்றில் சனி, ஞாயிறு மாலைகளில் 45 நிமிட வகுப்பு ஏற்பாடானது. எட்டு வாரம், 16 வகுப்பு. மாணவர்கள் ஒன்பது பேர். ஒன்பதாம் வகுப்பும் பதினோராம் வகுப்பும் கலந்த கூட்டம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகள். எல்லாரும் பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்தவர்கள், மூன்று பேர் ஆலயப் பாடகர் குழுவிலும் இருந்தார்கள். குருமடத்தில் இருந்தவர் என்பதால் அவரை எல்லாரும் "பிரதர்" என்றே கூப்பிட்டார்கள்.

முதல் நான்கு வகுப்பு

அவர் போட்ட திட்டம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. தமிழில் எட்டு வேற்றுமை, லத்தீனில் ஆறு. நன்னூல் சொல்லும் ஐ, ஆல், கு, இன், அது, கண் வரிசை பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த அட்டவணையைப் பலகையில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே லத்தீன் விகுதியைப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தார். முதல் வகுப்பிலேயே "புயெல்ல" (பெண்) என்ற சொல்லின் பன்னிரண்டு வடிவங்களும் பலகைக்கு வந்தன: ஒருமையில் ஆறு, பன்மையில் ஆறு. கூடவே 15 புதுச் சொற்கள்.

முதல் நாள் வெற்றி மாதிரிதான் தெரிந்தது. பிள்ளைகள் அட்டவணையைப் பாட்டாகச் சொன்னார்கள். இரண்டாம் நாள் "செர்வுஸ்" (அடிமை) வந்தது, அதற்கு வேறு விகுதிகள். மூன்றாம் நாள் "பிஸ்காட்டோர்" (மீனவர்) வந்தது, அதற்கும் வேறு. காசிமேட்டுப் பையன் ஒருவன் கேட்டான்: "பிரதர், 'கு'வுக்கு எத்தனை உருபுதான் இருக்கு?"

சரியான கேள்வி. பிழையின் ஆணிவேரும் அதுதான். தமிழில் உருபு ஒட்டு மாதிரி. பெண் + கள் + ஐ என்று பிரித்துக் காட்டலாம். பன்மை தனி, வேற்றுமை தனி. கடலுக்கும் கு, கத்திக்கும் கு, கந்தனுக்கும் கு. லத்தீனில் எண், வேற்றுமை, சொல்லின் குடும்பம் மூன்றும் ஒரே விகுதிக்குள் உருகிக் கிடக்கும். பெயர்ச்சொல்லுக்கு ஐந்து குடும்பம். ஒரே விகுதி பல வேலையும் செய்யும்: "புயெல்லை" என்ற ஒரே வடிவம் பெண்ணின், பெண்ணுக்கு, பெண்கள் ஆகிய மூன்று பொருளையும் தாங்கும். தமிழ் அட்டவணைக்கு எதிரே லத்தீனை எழுதும்போது, ஒரு பொருளுக்கு ஓர் உருபு என்ற எதிர்பார்ப்பையும் அவர் சேர்த்தே கற்பித்துவிட்டார். பிள்ளைகள் கற்றது அவர் சொன்னதை அல்ல, அட்டவணை சொல்லாமல் சொன்னதை.

நான்காம் வகுப்பில் ஒரு சிறு வாக்கியம்: "புயெல்லை கன்டன்ட்." பெண்கள் பாடுகிறார்கள் என்று பொருள். ஒன்பதில் ஐந்து பேர் எழுதியது "பெண்ணைப் பாடுகிறார்கள்." காது கேட்டது ஐகாரம், மனம் பிடித்தது இரண்டாம் வேற்றுமை. அதில் தமிழில் பிழையும் தெரியவில்லை. முருகனைப் பாடினார், தலைவனைப் பாடினார் என்பது நம் வழக்கு. ஆங்கிலம் பேசும் பிள்ளை இந்தப் பிழையைச் செய்ய வாய்ப்பே இல்லை. எந்தப் பயிற்சிக் கையேடும் இதை எச்சரிக்கவும் முடியாது.

இதே வகையில் இன்னும் இரண்டு. "செர்வும்" (அடிமையை) என்பதை ஒரு மாணவி "அடிமையும்" என்று எழுதினாள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. "புயெல்லாரும்" (பெண்களின்) வந்தபோது வகுப்பே சிரித்தது, "எல்லாரும்" மாதிரி இருக்கிறதாம். சிரிப்பு வந்த சொல் மறக்காது. அதை அடக்கியிருக்க வேண்டியதில்லை, பயிற்சியாளர் அடக்கினார்.

உச்சரிப்புக் குழப்பம்

பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு ஆலய உச்சரிப்பு தெரியும். அதில் வானம் "சேலும்". பழைய ரோமர் உச்சரிப்பில் அது "கைலும்". இங்கிலாந்துப் பள்ளிகளில் புழங்குவது இரண்டாவது. பயிற்சியாளர் முதல் வாரத்தில் இரண்டையும் கலந்து வாசித்தார், பத்து வருடப் பழக்கம் ஒரு வாரத்தில் போகாது. கேட்டவர்கள் இரண்டு வேறு சொல் என்று நினைத்தார்கள்.

பிறகு பலகையின் மேல் மூலையில் நான்கு வரி நிரந்தரமாக எழுதி வைக்கப்பட்டது. முதல் வரி: சி எழுத்து எங்கே வந்தாலும் க. இரண்டாவது: ஜி எழுத்து எப்போதும் "கங்கை"யின் இரண்டாவது ககர ஒலி. மூன்றாவது: ரோமன் எழுத்து ஏ, ஈ (ae) சேர்ந்து வந்தால் ஐ. நான்காவது: வி எழுத்து உதடு குவித்த வ. ஆலய உச்சரிப்பு தவறல்ல, அது பிற்கால இத்தாலிய மரபு என்பதை ஒருமுறை தெளிவாகச் சொன்னபின் குழுப் பிள்ளைகளுக்கும் மனத்தாங்கல் இல்லை.

தமிழ்க் காது இங்கே பெரிய சொத்து. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் மொழி நம்முடையது. "வெனிட்" என்றால் வருகிறான், "வேனிட்" என்றால் வந்தான். "புயெல்ல" எழுவாய், "புயெல்லா" லத்தீன் வரிசையில் கடைசியான அப்லேட்டிவ் (தமிழின் ஆறாம் வேற்றுமை அல்ல, ஆல், இன், கண் வேலைகளைச் செய்வது). ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைக் காதில் ஏற்ற நாள் கணக்காகும், நம் பிள்ளைகளுக்கு ஒரு முறை சொன்னால் போதும். ஆனால் இதே காரணத்துக்காக லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுத விட்டது தவறு. தமிழ் எழுத்து நெடிலைக் காட்டும், ஆனால் ட வரிசையில் இரண்டு ஒலியைப் பிரிக்காது. "நோக்கி" என்று பொருள்படும் சொல்லும் "ஆனால்" என்று பொருள்படும் சொல்லும் நோட்டில் ஒரே "அட்" ஆகிவிட்டன. ஐந்தாம் வகுப்பிலிருந்து நோட்டில் ரோமன் எழுத்து மட்டும், நெடிலுக்கு மேலே கோடு.

மாற்றியமைத்த வரிசை

ஐந்தாம் வகுப்புக்கு முன் திட்டம் முழுக்கப் பிரித்துப் போடப்பட்டது. அட்டவணையைத் துடைத்தாயிற்று. ஒரு குடும்பத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவதற்குப் பதில், ஒரே ஒரு வேலையை எடுத்து, மூன்று குடும்பத்திலும் அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. நெடுக்காகப் போகாமல் குறுக்காகப் போவது.

முதல் வேலை இரண்டாம் வேற்றுமை. "புயெல்லம், செர்வும், பிஸ்காட்டோரெம்": மூன்றும் மகர ஒற்றில் முடிகின்றன. இதுதான் உங்கள் ஐ, முன்னே நிற்கும் உயிர் மட்டும் குடும்பத்துக்கு ஏற்ப மாறும் என்றதும் நிம்மதி. பன்மையில் "புயெல்லாஸ், செர்வோஸ், பிஸ்காட்டோரேஸ்": மூன்றிலும் நெடிலும் ஸகரமும். முதல் வாக்கியம் "பிஸ்காட்டோர் பிஸ்கெம் கபிட்", மீனவர் மீனைப் பிடிக்கிறார். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை தமிழில் உள்ளபடியே நிற்கிறது.

அடுத்தது அஃறிணை போன்ற நியூட்டர் பெயர்கள். இவற்றில் எழுவாய் வடிவமும் இரண்டாம் வேற்றுமை வடிவமும் ஒன்றே. பல வகுப்புகளில் பிள்ளைகள் திணறும் இடம் இது. இங்கே திணறவில்லை. "பிஸ்காட்டோர் ரேட்டெ டிரஹிட்." ரேட்டெ என்றால் வலை, நியூட்டர். மீனவர் வலை இழுக்கிறார். காசிமேட்டில் யாரும் "வலையை இழுக்கிறார்" என்று மெனக்கெட்டுச் சொல்வதில்லை. ஐ தொக்கு நிற்கிறது, இரண்டாம் வேற்றுமைத் தொகை. "லாக் பிபிட்", பால் குடிக்கிறான். இரண்டும் முழுக்க ஒன்றல்ல: தமிழில் உருபு மறைந்து நிற்கிறது, விருப்பப்பட்டால் வரும். லத்தீனில் அது வரவே வராது. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட்டால் ஒப்புமை பத்திரம். ஆனால் இன்னொரு வலை பக்கத்திலேயே விரிந்திருக்கிறது. தமிழில் உயிரில்லாத எல்லாம் அஃறிணை. லத்தீனில் மேசை பெண்பால், சுவர் ஆண்பால், கோவில் நியூட்டர். பொருளைப் பார்த்துப் பாலைச் சொல்லும் பழக்கத்தை முதலிலேயே வெட்ட வேண்டும். புதுச் சொல்லைப் பாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்யச் சொன்னது இதற்காக.

பெயரடையும் இதோடு வருகிறது. தமிழில் நல்ல பெண், நல்ல பெண்கள், நல்ல பையனை என்று "நல்ல" அசையாது. லத்தீனில் அது பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றையும் பின்தொடரும். ஆனால் விகுதியின் ஒலியைப் பின்தொடராது. மாலுமி என்ற "நௌட்ட" முதல் குடும்பத்துச் சொல், ஆனால் ஆண்பால். நல்ல மாலுமி "நௌட்ட பொனுஸ்". ஒன்பது பேரும் "நௌட்ட பொன" என்றே எழுதினார்கள். இதற்குக் குறுக்குவழி இல்லை, பயிற்சிதான்.

கு என்னும் கண்ணி

நான்காம் வேற்றுமையில் தமிழ் பாதி தூரம் தூக்கிக்கொண்டு போகும், மீதி தூரத்தில் கீழே போடும். தூக்கிப் போகும் பகுதி அழகானது. "மிஹி சொரோர் எஸ்ட்", எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். "மிஹி ப்ளகெட்", எனக்குப் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் உடைமை வினை வேண்டிய இடத்தில் லத்தீனும் தமிழும் "எனக்கு" என்கின்றன. இதை விளக்கத் தேவையே இல்லை, சொன்னாலே போதும்.

கீழே போடும் இடம்: போகும் திசை. ஊருக்குப் போகிறான் என்று நாம் சொல்கிறோம். லத்தீன் அதற்கு இரண்டாம் வேற்றுமையைக் கேட்கும். "ரோமம் இட்", ரோமுக்குப் போகிறான். தமிழை வைத்துப் பார்த்தால் "ரோமை" போகிறான். பிள்ளைகள் ஓயாமல் நான்காம் வேற்றுமை போட்டார்கள். விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் நிற்கவில்லை. நின்றது மருந்துச் சீட்டில்.

வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனைச் சீட்டைப் பார்க்காத வீடு குறைவு. மருத்துவர் எழுதும் சுருக்கங்களில் பல லத்தீன். ஏ.சி. என்றால் "ஆன்டெ கிபும்", உணவுக்கு முன். பி.சி. என்றால் "போஸ்ட் கிபும்", உணவுக்குப் பின். தமிழில் உணவுக்கு, லத்தீனில் மகர ஒற்று, அதாவது இரண்டாம் வேற்றுமை. "வீட்டில் இருக்கும் மாத்திரைச் சீட்டே சொல்கிறது, முன், பின், நோக்கி எல்லாம் மகரத்தைத்தான் பிடிக்கும்" என்றதும் பிழை சட்டென்று குறைந்தது. பி.டி. "பிஸ் டியே", நாளில் இரு முறை. ஹெச்.எஸ். "ஹோரா சொம்னீ", தூக்கத்தின் நேரத்தில். எஸ்.ஓ.எஸ். என்பது கப்பல் கூப்பாடு அல்ல, "சீ ஒபுஸ் சிட்", தேவைப்பட்டால். உண்மையான சீட்டுகளை வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது, அவை பிறருடைய நோய் விவரம். வெற்றுத்தாளில் சுருக்கங்களை மட்டும் எழுதிக்கொள்வது போதும்.

பாரிமுனைப் பக்கம் உயர் நீதிமன்றம் இருப்பதால் அங்கிருந்தும் இரண்டு எடுக்கப்பட்டன. "அமிகுஸ் கூரியை": அதே ஐகாரம், ஆனால் இங்கே ஆறாம் வேற்றுமை, நீதிமன்றத்தின் நண்பர். நாம் ஆட்கொணர்வு மனு என்பதன் மூலம் "ஹபெயாஸ் கோர்புஸ்", நீ உடலை வைத்திருப்பாயாக. கோர்புஸ் நியூட்டர், அதனால் ஐ இல்லை. வலை இழுத்த பாடமே மறுபடி.

அப்லேட்டிவைக் கடைசியில் வைத்தது நல்ல முடிவு. அது தமிழின் மூன்று, ஐந்து, ஏழு என மூன்று வேற்றுமைகளின் வேலையைத் தனியாகச் செய்கிறது: வாளால், அடிமையோடு, வீட்டிலிருந்து, வீட்டில். முதல் வகுப்பு அட்டவணையில் இந்த மூன்று வரிக்கும் எதிரே ஒரே விகுதியை எழுதியபோது அது பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழையாகவே பட்டது. இப்போது ஒவ்வொன்றும் தன் முன்னொட்டுச் சொல்லோடு வந்தது: "கும் செர்வோ" அடிமையோடு, "எக்ஸ் வில்லா" வீட்டிலிருந்து, "இன் வில்லா" வீட்டில். வாளால் என்பதற்கு மட்டும் முன்சொல் இல்லை, "கிளடியோ" தனியே நிற்கும்.

வகுப்பு நேரம்

மாற்றிய பின் 45 நிமிடம் இப்படிப் பிரிந்தது. முதல் 5 நிமிடம் பழைய சொல் ஏழு, நோட்டை மூடிக்கொண்டு. 8 நிமிடம் பயிற்சியாளர் ஒரு சிறு பத்தியை இரண்டு முறை உரக்க வாசிப்பது, பிள்ளைகள் கேட்பது மட்டும். 12 நிமிடம் அடிக்கோடு: எழுவாய்க்கு ஒற்றைக் கோடு, செயப்படுபொருளுக்கு இரட்டை, வினைக்கு அலைக்கோடு. வண்ணச் சாக்பீஸ் முதலில் முயன்று கைவிடப்பட்டது, தேர்வுத்தாளில் வண்ணம் இருக்காது. 15 நிமிடம் மொழிபெயர்ப்பு, இருவர் இருவராக. கடைசி 5 நிமிடம் ஒவ்வொருவரும் தனியே ஒரே வாக்கியம் எழுதி, தாளைக் கொடுத்துவிட்டுப் போவது. அந்தத் தாள்தான் அடுத்த வகுப்பின் பாடக்குறிப்பை எழுதியது. புதுச் சொல் 15 என்பது 7 ஆனது. இங்கிலாந்தின் பதினாறு வயதுத் தேர்வுக்கான சொற்பட்டியல் ஏறத்தாழ 450 சொல், அதை முதல் மாதத்தில் எட்டிப் பிடிக்கும் அவசரம் யாருக்கும் இல்லை. அந்தத் தேர்வில் மொழித்தாளுக்குப் பாதி மதிப்பெண், மீதி இலக்கியத்துக்கும் பண்பாட்டுக்கும். வாசிக்கப் பழகாமல் அட்டவணை மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இரண்டிலுமே சிரமம்தான்.

தாள்களில் தெரியவந்த ஒரு பிழை தனியாகச் சொல்லத் தக்கது. "டொமினுஸ் வெனிட்" என்பதை எல்லாரும் "எஜமானர் வருகிறார்" என்று சரியாக எழுதினார்கள். பின்னர் தமிழிலிருந்து லத்தீனுக்குத் திருப்பச் சொன்னபோது நான்கு பேர் "வெனியுன்ட்" என்று பன்மை வினை போட்டார்கள். மரியாதைப் பன்மை! லத்தீனில் எஜமானும் ஒருமை, அடிமையும் ஒருமை. வினை பாலையும் காட்டாது: "வெனிட்" வருகிறான், வருகிறாள், வருகிறது எதுவாகவும் இருக்கலாம். தமிழில் எழுதும் நொடியில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும், அதற்கு முந்தைய வாக்கியத்தைப் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் புதுப் பழக்கம்.

உம்மையும் வினா ஆகாரமும் மட்டும் இலவசமாகக் கிடைத்தவை. "புயெர் புயெல்லக்வெ", பையனும் பெண்ணும்: லத்தீனில் உம் இரண்டாவதில் மட்டும் ஒட்டும். "வெனிட்னெ?", வருகிறானா? சொல்லின் கடைசியில் ஒட்டிக் கேள்வியாக்குவது நமக்கு இயல்பு.

ஏழாம், எட்டாம் வாரம்: ஆங்கிலத்தில்

இதுவரை ஓடிய வகுப்பு தமிழின் தோளில் ஏறி ஓடியது. அவர் போகப்போகும் வகுப்பறையில் அந்தத் தோள் கிடையாது. எனவே ஏழாம் வாரத்திலிருந்து வகுப்பு ஆங்கிலத்தில். முதல் முயற்சி மோசம். நான்காம் வேற்றுமையைத் தமிழில் "எனக்கு" என்று ஒரு சொல்லில் முடித்தவர், ஆங்கிலத்தில் பன்னிரண்டு நிமிடம் சுற்றினார். காரணம் ஆங்கிலம் போதாமை அல்ல. விளக்கத்தின் அடிப்படையாக வேற்றுமை என்ற கருத்தையே கேட்பவருக்குத் தெரிந்ததாக வைத்துக்கொண்டார். ஆங்கிலப் பிள்ளைக்கு அது முதல் முறை காணும் பொருள். அவர்களுக்குக் கையில் இருப்பது அவன், அவனை, அவனுடைய என்று பிரதிப்பெயர்கள் மாறுவது மட்டும். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சொல் வரிசையை நம்பிப் பொருள் காணும் பழக்கத்தை உடைக்க, செயப்படுபொருள் முன்னே வரும் வாக்கியங்களை ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டும். "பிஸ்கெம் பிஸ்காட்டோர் கபிட்" நமக்குச் சாதாரணம். ஆங்கிலத்தின் வரிசையை நம்பி அதைப் படித்தால் மீன் மீனவரைப் பிடித்துவிடும்.

எட்டாம் வாரத்தில் அதே பாடத்தை, தமிழ் ஒப்புமை ஒன்றுகூட இல்லாமல், பிரதிப்பெயர் வழியாக மறுபடி எடுத்தார். ஐந்து நிமிடம் ஆனது. கேட்டவர்கள் தமிழ்ப் பிள்ளைகள்தாம் என்பதால் அது முழுச் சோதனை ஆகாது. சேர்க்கை நேர்காணலில் சிறு பாடம் எடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுக்கப்போகிறார்.

தீராமல் நிற்பது இரண்டு. ஒன்று பெயரெச்சம். "நான் பார்த்த பையன்" என்று தமிழ் இரண்டு வாக்கியத்தையும் இழுத்து ஒன்றாக்கிவிடும். லத்தீனில் "புயெர் க்வெம் வீடீ": நடுவே நிற்கும் பிரதிப்பெயர் பாலையும் எண்ணையும் பையனிடமிருந்தும், வேற்றுமையைத் தன் வாக்கியத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். பயிற்சியாளர் இதைத் தானே தயக்கத்தோடுதான் விளக்குகிறார். மற்றொன்று அவருக்கு மிகப் பிடித்த இடம், அதனாலேயே ஆபத்து: "சோலெ ஓரியென்டெ நாவேஸ் டிஸ்கெஸ்ஸேருன்ட்", சூரியன் உதிக்க, படகுகள் புறப்பட்டன. வேறு எழுவாயைத் தாங்கும் நம் செயவென் எச்சம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆங்கிலப் பிள்ளைக்கு இதை எதன் வழியாகச் சொல்வது என்பதற்கு அவருடைய பாடக்குறிப்பில் இன்னும் வெற்றிடம்தான் இருக்கிறது.